செய்தி போடுகிறவருக்குப் பங்கில்லை

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சங்கத்தின் செய்தி மடலை நான்தான் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மட்டக்களப்பிலும் அதைச் சுற்றியும் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, சபைகளிலும் திட்டக் காரியாலயங்களிலும் ஆங்காங்கே வேலை செய்கிற ஒரு கைப்பிடி ஆட்கள். எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே கடை வரலாம், வாவிக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட்டுக் கட்ட வேண்டும் என்று கோடு போடுவது எங்கள் தொழில். போட்ட கோட்டை ஊர் மதிக்கிறதா என்பது வேறு கதை.

மடலுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் அஞ்சலி, பிறகு வாழ்த்து, பிறகு வேலை வெற்றிடங்களும் புலமைப்பரிசில்களும், கடைசியில் பயிலரங்குகள். தொடக்கத்தில் வாழ்த்துப் பகுதியில் கலியாணமும் பதவி உயர்வும்தான் வந்தன. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்துக்குப் பிறகு வாழ்த்து என்றாலே விசா என்று ஆகிவிட்டது. ‘எமது அங்கத்தவர் வெளிநாடு புறப்படுகிறார், நல்வாழ்த்துகள்’ என்ற வரியைப் போன மாத மடலிலிருந்து அப்படியே எடுத்துப் பெயரையும் நாட்டையும் மட்டும் மாற்றுவேன். போனவர்கள் குழுவிலிருந்து விலகுவதில்லை. பனி கொட்டுகிற படங்களைப் போடுவார்கள். நாங்கள் இதயம் போடுவோம். எங்கள் காரியாலய அறை நிறைய மேசைகள் இருக்கின்றன. ஆட்கள் என்று பார்த்தால் நானும், ஏறாவூரிலிருந்து வருகிற, தங்கச்சி என்று நான் கூப்பிடுகிற ஓர் இளம் பிள்ளையும்தான். மற்ற மேசைகளில் பழைய வரைபடச் சுருள்கள் கிடக்கின்றன.

போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமையும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பொறாமைகூட நாளடைவில் மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, கன்னம் இருக்கும், நம்முடையது மாதிரி இருக்காது. எனக்குச் சில வருடங்களாகவே அப்படித்தான் இருந்தது. காலையில் எழும்பினேன், மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன், கல்லடிப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்தேன், பிறருக்கு வந்த நல்ல செய்திகளைத் தட்டச்சுச் செய்தேன்.

மடல் என் கைக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எனக்கு முதல் அதை வைத்திருந்தவர் ஒரு மூத்தவர். ஒரு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் அறிவித்தல் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு வந்தது. அதைக் குழுவில் போட அவருக்கு மறந்துவிட்டதாம். தானே விண்ணப்பிக்க மட்டும் மறக்கவில்லை. அவர் விமானம் ஏறிய பிறகுதான் விசயம் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபம் ஒன்றை இரவல் வாங்கிக் கூட்டம் கூடினோம். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். சத்தம் போட எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் எழும்பினேன்.

“இஞ்ச பாருங்க, சோறு போடுற ஆள் முதல்ல தன்ர கோப்பையில அள்ளிப் போட்டா மத்தவனுக்கு என்ன மிஞ்சும்? இனிமேல் செய்தி போடுற ஆளுக்கு அந்தச் செய்தியில பங்கில்ல. வேலையோ படிப்போ, எதுவெண்டாலும் அவர் விண்ணப்பம் போடப்படாது. அது ஏலாதெண்டா பொறுப்பெடுக்க வேணாம்.”

“அப்ப ஆரு எடுக்கிற?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“நான் எடுக்கிறன்.”

கை தட்டினார்கள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அப்போது அவர் ஊரில் இருந்தார், ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞர் வேலை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நல்ல வேலை பார்த்திரிக்காய் புள்ள. ஊருக்கெல்லாம் கதவத் திறந்து போட்டு, உனக்கு மட்டும் பூட்டிற்று வந்திரிக்காய்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு அவரோடு கதைக்காமலே இருந்தேன். பிறகு அவருடைய நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் எல்லாம் நின்றுபோன காலம் அது. அவர் கட்டாருக்குப் போனார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, ஆகையால் வெள்ளிக்கிழமை மாலையில், நான் வேலையால் வந்த பிறகு அழைப்பார். அறையில் கனபேர் என்பதால் மாடிப்படியில் உட்கார்ந்து கதைப்பார். எங்கள் மகளுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை.

அந்த அறிவித்தல் ஒரு மழைக்காலம் முடிகிற நேரத்தில் வந்தது. வெளிநாட்டு உதவியில் நடக்கிற ஒரு திட்டம், வாவிக் கரைக் குடியிருப்புகளுக்கு ஒரு திட்டமிடலாளர் தேவை. காரியாலயம் மட்டக்களப்பிலேயே. மாவட்டத்துக்குள் வேலை செய்கிற, அனுபவமுள்ள, தமிழ் தெரிந்த திட்டமிடலாளர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். முகத்துவாரம் மூடித் திறப்பதால் கரை மாறுகிற இடங்களில் வேலை செய்தவராக இருந்தால் விசேடம் என்று எழுதியிருந்தது.

அதை வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்தேன். வாவி கடலில் சேருகிற வாயை மணல் மூடிவிட்டால் தண்ணீர் ஏறும். வயல் வட்டைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, உடனே மணலை வெட்டுங்கள் என்று விவசாயிகள் வருவார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மீன் பிடிக்கிறவர்கள் வருவார்கள். கடைசியில் வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடி, நேற்று வாவியாக இருந்த இடம் இன்றைக்கு வளவாகக் கிடக்கும். அந்த வளவுக்கு ஆள் வந்து வேலி போடுவான், அடுத்த மாரியில் அவனுடைய அடுப்படிக்குள் தண்ணீர் நிற்கும். கரை எது என்று கோடு போட்டுக் கோடு போட்டு, ஏச்சு வாங்கி, திரும்ப ஏசி, என் தலைமயிர் நரைத்ததே அந்த வேலையில்தான். நகரத்திலிருந்து மாங்கேணி வரை எந்தக் கரையில் கேட்டாலும் அந்தச் சண்டைக்காரி என்றால் என்னைத் தெரியும். என்னை எதிரில் இருத்திப் பார்த்துப் பார்த்து எழுதினது மாதிரி இருந்தது அந்த அறிவித்தல்.

சம்பளமும் அப்படி. அது கிடைத்தால் இவர் கட்டாரில் கிடந்து வேக வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை இவருக்குச் சொன்னேன். சும்மா ஒரு செய்தி மாதிரித்தான் சொன்னேன்.

“எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிற பேப்பர் தந்திரிக்காங்க. இதுல கையெழுத்து வைச்சா இன்னும் மூணு வருசம். உனக்கு அது கிடைச்சா நான் வைக்கமாட்டன். வந்திருவன். ஊர்ல வீட்டுப் படம் கீறிக் குடுத்தாலும் காணும்.”

“நான்தான் செய்தி போடுற ஆள். என்னண்டு விண்ணப்பம் போடுற?”

“சட்டமாம் சட்டம். ஆர் போட்ட சட்டம் அது?”

“நான்தான்.”

“அப்ப நீயே எடு.”

“நல்ல கதை! ஊர் என்ன சொல்லும்? அந்த மனிசன் ஒளிச்சுப் போட்டான், இவ ஊரறியப் போட்டா, அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு சொல்லமாட்டாங்களா?”

“ஊர் சொல்லுறதக் கேட்டுக்கேட்டு இரி. நான் இஞ்ச படிக்கட்டுல இருந்து கதைக்கிறன்” என்றார். அவர் அப்படி வெட்டிப் பேசுகிறவரில்லை. பிறகு மகளைக் கூப்பிடச் சொன்னார்.

அறிவித்தலைக் குழுவில் போட்டேன். மற்றதைப் போலத்தான், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தையும் நிரப்பி வைத்தேன். சான்றிதழ்களை ஒழுங்காக இணைத்து எல்லாம் ஆயத்தம், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. யாராவது ஒருவர் வாயைத் திறந்து, நீங்கள் போடுங்கள் அக்கா, இந்த முறை சட்டத்தை விடுவோம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அனுப்பிவிடுவேன். கேட்டு வாங்குகிற குணம் எனக்கில்லை. கேட்காமலே தர வேண்டும் என்கிற குணம் உண்டு. அது பொல்லாத குணம் என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறா.

ஒருவரும் சொல்லவில்லை.

ஏறாவூர்த் தங்கச்சியும் நானும் பகல் முழுக்க ஒரே அறையில் இருக்கிறவர்கள். அவள் வீட்டில் எது சமைத்தாலும் எனக்கும் ஒரு பங்கு வரும். கொழும்பில் என்ன நடந்தது, கல்குடாவில் யார் கரையோரம் ஹோட்டல் கட்டக் கேட்டிருக்கிறார்கள், எல்லாம் கதைப்போம். அந்த வேலையைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லக் கேட்டாள்.

“அக்கா, உங்கட சேர்ட்டிபிக்கட் எல்லாம் கைக்கெட்டுன இடத்துலதானே இரிக்கி?”

“ஓம், அலுமாரிக்க இரிக்கி. ஏன் கா?”

“இல்ல, சும்மா கேட்ட. எனக்கிட்ட ஒண்டக் காணல்ல. அதுதான்.”

அப்ப நீ போடப்போகிறாய் என்று மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் தகுதி இருந்தது. கெட்டிக்காரி. போடட்டும், ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் எரிந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

“நீ போட்டுட்டியா அந்த வேலைக்கு?”

“நானா? சும்மா இரிங்க அக்கா!” என்று சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்த விதத்தில் ஏதோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. எதை என்று நான்தான் பிழையாக எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவள் கொண்டுவந்த வட்டிலப்பத்தை வயிறு சரியில்லை என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன்.

குழுவிலும் ஒரு மாதிரியான அமைதி. வழமையில் ஒரு வெற்றிடம் போட்டால் வயதெல்லை என்ன, அனுபவக் கடிதம் தேவையா என்று கேள்விக்கு மேல் கேள்வி வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை. ஓய்வுபெறப் போகிற ஒரு மூத்தவர் மட்டும் ஒருநாள் எழுதினார்: ‘அருமையான வாய்ப்பு. சேர வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேரட்டும். முன்கூட்டியே வாழ்த்துகள்.’ அதற்குக் கீழே எல்லோரும் கை கூப்பினார்கள், பூ போட்டார்கள். ஏற்கெனவே யாரையோ முடிவுசெய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்க மானம் விடவில்லை.

கடைசித் திகதியன்று நினைவூட்டுவதும் செய்தி போடுகிறவருடைய வேலைதான். ‘இன்று மாலை நான்கு மணியுடன் விண்ணப்பம் முடிவடைகிறது, தாமதிக்க வேண்டாம்’ என்று போட்டேன். நன்றி அக்கா, நன்றி அக்கா என்று வரிசையாக வந்தது. என் விண்ணப்பம் கணினியில் திறந்தபடி இருந்தது. தங்கச்சி அன்றைக்கு வேளையோடே வீட்டுக்குப் போகக் கேட்டாள். போகும்போது என் தோளில் கையை வைத்து, “எல்லாம் நல்லா நடக்கும் அக்கா, நான் துஆ செய்யிறன்” என்றாள். என்ன நடிப்பு என்று நினைத்தேன். நான்கு மணி கழிந்தது. கணினியை நிறுத்திவிட்டுப் பாலத்தால் வீட்டுக்கு வந்தேன். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்ததாக ஞாபகம். வேறொன்றும் ஞாபகமில்லை.

இவர் கேட்டபோது, இன்னும் முடிவு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. முடிவு வரத்தான் இல்லை. அவரும் பேப்பரில் கையெழுத்து வைக்காமல் அங்கே சாட்டுச் சொல்லி நாள் கடத்திக்கொண்டிருந்தார். கிடைத்தவர் யார் என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், தெரியாமல் சொல்லி என்ன என்று என்னை நானே சமாளித்தேன்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது, சங்கத்தின் விலாசத்துக்கு. மாவட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பமும் கிடைக்காத காரணத்தால் அந்தப் பதவி கொழும்புக்கு மாற்றப்படுகிறது, இனி எந்த மாவட்டத்தவரும் விண்ணப்பிக்கலாம், வேறொரு திட்டத்தில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, தயவுசெய்து அங்கத்தவர்களுக்கு அறியத் தரவும்.

ஒரு விண்ணப்பமும். திரும்ப வாசித்தேன். “இஞ்ச வா கா” என்று தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் என் கதிரைக்குப் பின்னால் நின்று குனிந்து வாசித்தாள்.

“யா அல்லாஹ்! அக்கா, நீங்க போடல்லையா?”

“நீ போடல்லையா?”

“நான் ஏன் போடுற? நாங்க எல்லாரும் கதைச்சி வெச்சிருந்த அக்கா. இது உங்களுக்கெண்டே வந்த வேலை, அவர் கட்டாரால வந்து சேரட்டும், ஒருத்தரும் குறுக்க போடப்படாது எண்டு. நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன்ல கோல் எடுத்துச் சொன்ன.”

“அப்ப மறுகா ஏன் எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்லுற? சட்டத்த மீறச் சொல்லுறியா எண்டு என்னைத் தின்னமாட்டீங்களா? நீங்க சத்தமில்லாமப் போட்டுருவீங்க, நாங்க தெரியாத மாதிரி இரிப்பம் எண்டு நினைச்ச. கடைசி நாள் நீங்க ஞாபகப்படுத்தினதப் பார்த்து, தான் போட்டுட்டும் எப்பிடி நேர்மையா இரிக்காங்க பாருங்க எண்டு எல்லாரும் சொன்னாங்க.”

அவள் சொன்னது சரி. அவள் சொல்லியிருந்தால் நான் அவளைத் தின்றுதான் இருப்பேன். பிறகு அன்றைக்கே அனுப்பியும் இருப்பேன்.

அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை. தங்கச்சிதான் விக்கி விக்கி அழுதாள். நான் எழும்பிப் போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். குடித்துவிட்டு, “கோல் எடுப்பம் அக்கா, இப்பவே எடுப்பம்” என்று அவளே அந்தத் திட்டக் காரியாலயத்துக்கு அழைத்தாள். பேசியவர் மரியாதையான மனிதர். அவருக்கும் கவலையாகத்தான் இருந்தது. மட்டக்களப்பில் ஒருவருக்குமே விருப்பமில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகவும், இனி அதைத் திருப்ப ஏலாது என்றும் சொன்னார். வாவி இங்கே கிடக்கிறது, வாவிக்குக் கோடு போடுகிற ஆள் கொழும்பில் இருக்கப் போகிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தங்கச்சி பயந்துபோனாள்.

அவள்தான் குழுவில் உள்ளவர்களுக்குச் சொன்னாள். மாலைக்குள் எல்லோரும் எழுதினார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, உங்களுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தோம் என்று. அது எனக்குத் தெரியும். அத்தனை பேரும் எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டத்தை எந்த ஊரில் தேடுவது? அவர்களில் ஒருவர் மேலாவது கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பரவாயில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டேன். இனிமேல் செய்தி போடுகிறவரும் விண்ணப்பிக்கலாம், அந்தச் சட்டம் இன்றோடு ரத்து என்று, ஓய்வுபெறப் போகிற அந்த மூத்தவர் அறிவித்தார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மடலை முடித்தேன். அஞ்சலி ஒன்றுமில்லை. வாழ்த்தில் ஒருவர், ஒரு குளிர் நாட்டுக்கு. வெற்றிடங்களில் முதலாவது அந்த வேலை, காரியாலயம் கொழும்பு, மகளை விட்டுவிட்டு நான் போக ஏலாத இடம். போட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்து, மாலையில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது இவருடைய அழைப்பு வந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். மடலைப் பார்த்திருக்கிறார். ஊரை விட்டுப் போனவர்தான், ஆனாலும் என் மடலை ஒவ்வொரு மாதமும் அவருக்கும் அனுப்புவேன்.

“என்ன புள்ள இது, கொழும்பெண்டு போட்டிரிக்கு? ஆருக்குக் கிடைச்ச?”

“ஒருத்தருக்கும் இல்ல. ஒருத்தரும் போடல்ல.”

“ஒருத்தருமா?”

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி கோல் எடுத்தது, எல்லோரும் பொறுத்திருந்தது, நான் நான்கு மணி வரை பார்த்திருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய படிக்கட்டில் யாரோ ஏறிப்போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

“நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா அவங்க தந்திருப்பாங்களே, புள்ள.”

“அவங்க தந்துதான் இருந்தாங்க.”

கோபித்தாலாவது நன்றாயிருக்கும் என்று பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து நின்று, எனக்குத் தாங்கம்மா என்று கையை நீட்டினாள்.

“அப்ப நாளைக்குப் பேப்பர்ல கையெழுத்து வைக்கட்டா?” என்றார்.

“வையுங்க” என்றேன். தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு மீனைக் கழுவப் போனேன்.